ஆட்டுத்தடத்துக்கு வந்த சர்வே

பாலக்கோட்டுக்கு மேற்கே நொச்சிக்கொட்டாயில் போன ஆவணியில் கிளம்பிய பேச்சு இது. பெங்களூருக்குப் போகிற பெரிய ரோடு ஒன்று ஊர் வழியாக வரப்போகிறது. எத்தனை வழி என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு. பால் சொசைட்டியில் ஆறு வழி என்றார்கள். டீக்கடையில் எட்டு வழி என்றார்கள். தக்காளி ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போன மினிலாரி காலிப் பெட்டிகளோடு திரும்பி வருவதற்குள் பத்து வழி ஆகியிருந்தது. அளக்கிற வேலை தொடங்கிவிட்டது என்பதில் எல்லோரும் ஒற்றுமை. ஜீப்பில் வந்தால் சனங்கள் மறித்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று இந்தத் தடவை ஆபீசரைச் சைக்கிளில் அனுப்பியிருக்கிறார்களாம். விடியற்காலையில் வருகிறானாம். தலையில் சட்டி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, மூக்கு வரைக்கும் துணி. ஹேண்டில்பாரில் போன் மாதிரி ஒரு கருவி. போகிற வழியில் பாறைக்குப் பாறை சுண்ணாம்பில் அம்புக்குறி போட்டுக்கொண்டே போகிறானாம்.

இப்படி ஒரு செய்தியைச் சரிபார்க்காமல் நம்புவது தப்பு. சரிபார்த்ததில் தெரியவந்தது: சைக்கிள் உண்மை. சட்டி உண்மை. கண்ணாடி, துணி, போன், சுண்ணாம்பு, அம்பு எல்லாம் உண்மை. ரோடும் ஆபீசரும் மட்டும்தான் இல்லை. ஒன்பது விவரத்தில் இரண்டே இரண்டு தப்பு என்றால் அதை வதந்தி என்று தள்ளிவிட மனசு வராது. அச்சில் வருகிற எத்தனையோ செய்திகளுக்கு இந்த மார்க் கிடைக்காது.

அந்த ஆளின் பெயர் அந்தோணி பிரகாஷ். வயது முப்பத்தெட்டு. பாலக்கோட்டில் தாலுகா ஆபீசுக்குப் போகிற வழியில் 'ஏஞ்சல் ஜெராக்ஸ்' அவருடையது. மனைவி ஏஞ்சலின் பெயரைத்தான் வைக்கச் சொன்னார். போர்டு எழுதியவர் 'ஜெராக்ஸ்' என்பதை முதலில் எழுதிவிட்டதால் ஏஞ்சலினுக்கு இடம் போதவில்லை. இருவரும் மாறி மாறிக் கடையில் உட்காருவார்கள். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், எல்லாவற்றுக்கும் மேலாக மனு. முதியோர் பென்ஷன் மனு, பட்டா மாறுதல் மனு, தெருவிளக்கு மனு, பக்கத்து வீட்டுக் கோழியின் மேல் மனு. பதினாலு வருஷமாக அடுத்தவர் குறைகளை டைப் அடித்து அடித்து, பிரகாஷின் சொந்தத் தமிழே மனுவாகிவிட்டது. காய் வாங்கிவரச் சொல்லி ஏஞ்சலினுக்கு அனுப்புகிற செய்தியில்கூட 'கீழ்க்கண்ட பொருட்கள்' என்று ஆரம்பித்து 'ஆவன செய்யவும்' என்று முடியும்.

இப்படி உட்கார்ந்தே வேலை செய்கிற மனுஷருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று தருமபுரி டாக்டர் சொன்னார். தினமும் நடக்கச் சொன்னார். பாலக்கோட்டு ரோட்டில் ஒரு மனுஷர் நிம்மதியாக நடந்துவிட முடியுமா என்பது டாக்டருக்குத் தெரியாது. முதல் நாள் மூன்று பேர் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டார்கள். இரண்டாவது நாள், "வேணாங்க, சும்மா நடக்கிறேன்" என்று சொன்னதற்கு, வீட்டில் சண்டையா என்று கேட்டார்கள். மூன்றாவது நாள் அவர் வண்டியை அடகு வைத்துவிட்டதாகக் கடைக்கே வந்து துக்கம் விசாரித்தார்கள். நடை நின்றது.

அப்போதுதான் சைக்கிள் வந்தது. ஓசூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த ஒருவர் வெளிநாடு போகும்போது விற்றுவிட்டுப் போன மலைச் சைக்கிள். குண்டு டயர். முன்பக்கம் அமுங்கி எழும்புகிற ஃபோர்க். இருபத்தேழு கியர், அதில் ஒன்பது பேச்சுக் கேட்கும். தார் ரோட்டில் கரும்பு லாரிகள் ஹாரன் அடித்தே அவரை ஓரத்துக்குத் தள்ளின. ஓரத்தில் மண் பாதை இருந்தது. மண் பாதை ஏரிக்கரைக்குப் போனது, ஏரிக்கரை கரடு என்கிற பாறைக் குன்றுக்குப் போனது. ஒருநாள் பூனைக்கல் கரட்டு உச்சியில் மூச்சு வாங்க நின்றவர், அந்தப் பக்கம் நொச்சிக்கொட்டாய் வரைக்கும் வளைந்து இறங்குகிற ஆட்டுத்தடத்தைப் பார்த்தார்.

இரண்டரைக் கிலோமீட்டர். ஆடுகள் நடந்து நடந்து போட்ட பாதை. புளியமர வேர்களைத் தாண்டி, ஓடைப் பாறையில் ஒரு குதி குதித்து, தீர்த்தகிரி என்கிற விவசாயியின் மேட்டுநிலத்து ஓரமாக நெளிந்து ஊருக்குள் வந்து சேரும். எந்த இன்ஜினியரும் இப்படி ஒரு வளைவு போட்டுவிட முடியாது. பிரகாஷ் பிரேக்கைப் பிடித்த கையோடு இறங்கினார். எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷத்தில் டோனர் தீர்ந்துபோனது, மகளின் ஸ்கூல் பீஸ், சர்க்கரை அளவு, எதுவும் அவர் ஞாபகத்துக்கு வரவில்லை. கீழே வந்து நின்றார். திரும்பிப் பார்த்தார். மறுபடியும் ஏறினார்.

இந்த மாதிரி ஆட்களுக்கென்று தருமபுரி மாவட்டத்தில் ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. பெயர் 'மலைச் சக்கரம்'. முப்பத்தோரு உறுப்பினர்கள். ஒன்பது பேர் சைக்கிள் ஓட்டுவார்கள், மற்றவர்கள் கட்டைவிரல் காட்டுவார்கள். ஒரே ஒரு விதி: ஞாயிற்றுக்கிழமை ஓட்டினவர் மத்தியானத்துக்குள் தன் அனுபவத்தைக் குழுவில் எழுத வேண்டும். அறுபது கிலோமீட்டர் போனவர் ஆறு வரி எழுதுவார். ஆறு கிலோமீட்டர் போனவர் அறுபது வரி எழுதுவார், நடுவில் சூரியோதயம் வரும். பிரகாஷ் ஓட்டத்தில் எப்போதும் கடைசி. இரண்டு வருஷமாக அவர் மற்றவர்களின் முதுகைத்தான் பார்த்திருக்கிறார். எழுத்திலும் பெரிய மரியாதை இல்லை. "இது அனுபவமா, அடமானப் பத்திரமாண்ணா?" என்று ஒருமுறை கேட்டான் மதியழகன். தருமபுரியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை, குழுவுக்கு அட்மின்.

அதே மதியழகன்தான் ஆட்டுத்தடத்தின் படங்களைப் பார்த்துவிட்டுப் போன் செய்தான்.

"பிரகாஷண்ணா, இந்த டிராக் இத்தன நாளு எங்க இருந்துச்சு?"

"இங்கயேதான் இருந்துச்சு. ஆடுங்க போட்டது."

"வர்ற ஞாயிறு வர்றோம். ஓசூர்ல இருந்து ஆறு பேரு, சேலத்துல இருந்து நாலு பேரு, நாம. மொத்தம் பதினாலு. நீங்கதான் முன்னால போவணும்."

"நானா?"

"வழி உங்களுக்குத்தானே தெரியும்?"

அன்றைக்கு ராத்திரி ஏஞ்சலின் இரண்டு தடவை கூப்பிட்டும் பிரகாஷ் சாப்பிட வரவில்லை. முன்னால் போவது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். மறுநாள் விடியற்காலை போய், வெளியூர்க்காரர்கள் தவறிவிடாமல் இருக்க ஏழு பாறைகளில் சுண்ணாம்பால் அம்பு போட்டார். கடைக்கு வந்து குழுவுக்கு அறிவிப்பு எழுதினார். அது இப்படி இருந்தது:

'நொச்சிக்கொட்டாய் ஆட்டுத்தடம் குறித்த விவரம். அர்ச்சுனன் புளியந்தோப்புக்குக் கிழக்கு, தீர்த்தகிரி வகையறா பட்டா நிலத்துக்கு மேற்கு, பூனைக்கல் கரட்டுக்குத் தெற்கு, பஞ்சாயத்துக் கிணற்றுக்கு வடக்கு. இந்த நான்கு எல்லைக்குட்பட்டு 2.5 கி.மீ. நீளம், ஓரடி அகலம். மேற்படி தடத்தில் ஏழு இடங்களில் குறியீடு செய்யப்பட்டுள்ளது. வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு வெளியூர்க் குழுவினர் பதினான்கு பேர் நேரில் வந்து முழுவதும் சென்று பார்வையிடுவர். இடையூறாக உள்ள முட்செடிகள் முன்னதாக அகற்றப்படும்.'

ஒரு வரிகூடப் பொய்யில்லை. மதியழகன் இதைப் படித்துச் சிரித்து, நொச்சிக்கொட்டாயில் பெண் கட்டிய தன் சித்தப்பா மகனுக்கு அனுப்பினான். அவன் சிரிக்காமல் ஊர்க் குழுவில் போட்டான்.

வியாழக்கிழமை காலையில் ஏஞ்சல் ஜெராக்ஸில் திடீர்க் கூட்டம். எல்லோரும் நொச்சிக்கொட்டாய்க்காரர்கள். எல்லோர் கையிலும் பட்டா, சிட்டா, மஞ்சளாகிப்போன பத்திரங்கள். மெஷின் சூடாகி இரண்டு தடவை நின்றது. பன்னிரண்டாவது ஆளாக வந்தவர் புளியந்தோப்பு அர்ச்சுனன். அறுபது வயது, ஊரில் எந்த விஷயத்தையும் முதலில் தெரிந்துகொள்கிறவர்.

"பிரகாசு, இதுல மூணு செட்டு போடு. எங்கப்பன் பேருல இருக்குற பத்திரத்தயும் சேத்து."

"என்னாங்க இன்னிக்கு ஊரே வந்துருக்குது?"

"ஒனக்கு விஷயமே தெரியாதா? கடைய ரோட்டு மேல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற. ரோடு வருதுப்பா. பத்து வழி."

"எந்தப் பக்கமுங்க?"

"நம்ம ஆட்டுத்தடத்து மேலயே."

பத்து வழி ரோட்டின் அடியில் தன் எட்டு நிமிஷம் புதைந்துபோவது பிரகாஷின் கண்முன்னால் தெரிந்தது. "அந்தத் தடத்துலயா? வேற எடமே இல்லீங்களா அவங்களுக்கு? இத விடக்கூடாதுங்க. மனு குடுங்க. நானே அடிச்சுத் தர்றேன்."

"மனுவெல்லாம் அப்புறம். அளந்துட்டுப் போயிட்டான்."

"யாருங்க அளந்தது?"

"ஒரு ஆளு. சைக்கிள்ல வர்றான். தலையில சட்டி கவுத்த மாதிரி ஒண்ணு, நீலக் கலரு."

பேப்பரை அடுக்கிக்கொண்டிருந்த பிரகாஷின் கை நின்றது. அவர் முதுகுக்குப் பின்னால், மாதா காலண்டருக்குப் பக்கத்து ஆணியில், நீலக் கலரில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து லேமினேஷன் செய்துகொண்டிருந்த ஏஞ்சலின் எழுந்து, மெஷின் துடைக்கிற துண்டை எடுத்து உதறி, அதன் மேல் காயப்போட்டாள்.

"நோட்டீசே வந்துருச்சு, பாரு" என்று அர்ச்சுனன் போனை நீட்டினார்.

பிரகாஷ் பார்த்தார். 'மேற்படி தடத்தில்' என்பதுவரைக்கும் படித்தார். மேற்கொண்டு படிக்கத் தேவை இருக்கவில்லை.

"எழுதுனவன் சாதாரண ஆளு இல்ல. நான்கு எல்லையும் கரெக்டா போட்டிருக்கான் பாரு. தீர்த்தகிரி வகையறான்னு போட்டிருக்கான், அவன் தம்பிங்க பங்கு பிரிக்கலன்னுகூடத் தெரிஞ்சிருக்குது. நாப்பது வருசமா நோட்டீசு படிக்கிறேன், இத்தன தெளிவா ஒருத்தனும் எழுதுனது இல்ல."

பிரகாஷ் போனைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தார். பயம் பாதி. மீதிப் பாதி, வெளியே சொல்லிக்கொள்ள முடியாத ஒரு குளிர்ச்சி. இரண்டு வருஷத்தில் அவர் எழுத்தை ஒருவர் முழுசாகப் படித்துப் பாராட்டுவது இதுதான் முதல் தடவை.

அர்ச்சுனன் போனதும் ஏஞ்சலின் துண்டை எடுத்தாள். "என்னா பண்ணப்போறீங்க?"

"கொஞ்ச நாள்ல அதுவா அடங்கிரும்."

"ஞாயித்துக்கிழம பதினாலு பேரு சட்டியோட போய் எறங்குனா அடங்கிருமா? நாளைக்கே போய்ச் சொல்லிட்டு வாங்க."

"அடிச்சா?"

"ஹெல்மெட் போட்டுட்டுத்தானே போவீங்க."

வெள்ளிக்கிழமை காலை பிரகாஷ் கரட்டேறி ஆட்டுத்தடத்தில் இறங்கினார். முதல் பாறையிலேயே குழம்பிப்போனார். அவர் போட்டது ஒரு அம்பு. இப்போது மூன்று இருந்தது. ஒன்று புளியந்தோப்பைக் காட்டியது, ஒன்று நேராக வானத்தைக் காட்டியது. ரோடு தங்கள் நிலத்தில் வந்தால் நல்ல விலை என்று நினைத்தவர்கள் அம்பைத் தங்கள் பக்கம் திருப்பியிருந்தார்கள். வந்தால் நிலம் போய்விடும் என்று நினைத்தவர்கள் அடுத்தவன் பக்கம் திருப்பியிருந்தார்கள். ஏழு அம்பு பத்தொன்பதாகியிருந்தது. எல்லாம் நல்ல சுண்ணாம்பு.

தீர்த்தகிரியின் நிலத்து ஓரம் வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார். தடத்தின் மேலேயே, வளைவுக்கு வளைவு, நடுவிலும் ஓரத்திலுமாக நாற்பது மாங்கன்றுகள் நடப்பட்டிருந்தன. எல்லாம் செந்தூரா ரக ஒட்டு. ரோட்டுக்கு எடுக்கிற நிலத்தில் மரம் இருந்தால் மரத்துக்குத் தனி நஷ்டஈடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தீர்த்தகிரி மண்வெட்டியோடு நின்றார். அவர் மனைவி கண்ணம்மாள் குடத்திலிருந்து ஒவ்வொரு கன்றுக்கும் செம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பிரகாஷ் ஹெல்மெட்டைக் கழற்றினார், கண்ணாடியைக் கழற்றினார், துணியை இறக்கினார்.

"அட, ஜெராக்ஸ்கார தம்பி" என்றார் தீர்த்தகிரி. "நீதானா அந்த ஆளு?"

"நான்தாங்க. ஆனா ரோடெல்லாம் இல்லீங்க. அந்த அம்பு நான் போட்டது, அந்த நோட்டீசும் நான் எழுதுனது. நாங்க சும்மா சைக்கிள் ஓட்டுறதுக்குங்க."

கண்ணம்மாள் செம்பைக் கீழே வைத்தாள். "சும்மாவா?"

"சும்மாத்தாங்க்கா."

"கரட்டு மேல என்னா இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க்கா."

"அப்புறம் எதுக்கு ஏர்ற?"

"எறங்கறதுக்குத்தாங்க."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எவ்வளவு குடுத்தாங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார் தீர்த்தகிரி.

"யாருங்க?"

"இப்படிப் போய்ச் சொல்லுன்னு ஒன்ன அனுப்புனவங்க. ரோடு இல்லன்னு நம்ப வெச்சுட்டு, நாங்க கன்ன புடுங்குன பொறவு வந்து வெறும் நெலத்த அளக்கலாம்னுதானே?"

உண்மையைச் சொன்னால் வதந்தி சாகும் என்று நினைத்துத்தான் பிரகாஷ் ஏழு கிலோமீட்டர் வந்தார். அது சாகவில்லை, வளர்ந்திருந்தது. இனிமேல் ஆபீசருக்கு ஒரு பெயரும் முகவரியும்கூட உண்டு.

கண்ணம்மாள்தான் ஒரு வழி சொன்னாள். "ஞாயித்துக்கிழம வரட்டும் ஒன் ஆளுங்க. எங்க கண்ணு முன்னால ஓட்டட்டும். நெசமாவே வேல வெட்டி இல்லாம ஓட்டுறவங்கதான்னு தெரிஞ்சா, தடத்துல எப்பவும் வந்துட்டுப் போங்க, நாங்க கேக்கல. அளக்கற ஆளுங்கன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சிருவோம். ஆடுகூடப் போவாது."

"சரிங்க்கா."

"இன்னொண்ணு. ஒரு கன்னு மேல சக்கரம் படக்கூடாது. நாப்பதும் நானே கை வெச்சு நட்டது."

"படாதுங்க்கா" என்றார் பிரகாஷ். அதை எந்த நம்பிக்கையில் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது நொச்சிக்கொட்டாயே தடத்தின் இரண்டு பக்கமும் நின்றது. டீக்கடைக்காரர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடைப் பாறைக்கே வந்துவிட்டார். கரட்டு உச்சியில் பதினாலு பேர் மஞ்சளும் பச்சையும் ஆரஞ்சுமாக வந்து நின்றார்கள். ஊர் இதுவரைக்கும் எந்த ஆபீசரையும் இத்தனை இறுக்கமான உடுப்பில் பார்த்ததில்லை. அதனாலேயே சந்தேகம் கொஞ்சம் கூடியது.

"இதென்னண்ணா, இத்தன கூட்டம்?" என்றான் மதியழகன்.

"அப்புறம் சொல்றேன். யாரும் எதையும் அளந்து மட்டும் பாக்காதீங்க."

அந்த நேரம் பார்த்து, ஓசூர்க்காரர்களில் ஒருவர் பையைத் திறந்து நாலு இறக்கை வைத்த குட்டி விமானம் ஒன்றை எடுத்தார். மேலிருந்து படம் பிடிக்கிறதாம். கீழே கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அர்ச்சுனன் பக்கத்தில் நின்றவரிடம், "நான் சொல்லல?" என்றது உச்சிவரைக்கும் கேட்டது. பிரகாஷ் பாய்ந்து போய் ட்ரோனைப் பிடுங்கி அதன் பைக்குள்ளேயே திணித்து, பையைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டார்.

"ஏங்க, அது வெல ஜாஸ்திங்க" என்றார் ஓசூர்க்காரர்.

"எனக்குத் தடமும் வெல ஜாஸ்திதாங்க" என்று சொல்லிவிட்டு, வேறு யாரும் வேறு எதையும் எடுப்பதற்கு முன்னால், பிரகாஷ் இறங்கிவிட்டார்.

முன்னால் யாருடைய முதுகும் இல்லை. காற்று இருந்தது, தடம் இருந்தது. வேர்களைத் தாண்டினார். ஓடைப் பாறையில் குதித்தபோது டீக்கடையிலிருந்து ஒரு விசில் வந்தது. பின்னால் பதின்மூன்று சக்கர ஜோடிகள் கரகரத்து வந்தன. தீர்த்தகிரியின் நிலம் வந்தது. முதல் கன்று, இரண்டாவது கன்று, இடம், வலம், இடம். போன வாரம்வரைக்கும் நாலைந்து வளைவு மட்டும் இருந்த இடத்தில் இப்போது நாற்பது நெளிவு. ஆடுகள் விட்ட குறையைக் கண்ணம்மாள் சரிசெய்திருந்தாள். பின்னால் சேலத்து ஆள் ஒருவர், "யாருய்யா இந்த டிராக் டிசைன் பண்ணது?" என்று சிரித்துக்கொண்டே வருவது கேட்டது.

இருபத்திரண்டு கன்று தாண்டியாகிவிட்டது. இருபத்து மூன்றாவதின் பக்கத்தில் அர்ச்சுனன் நின்றிருந்தார், தன் சொந்த அம்பு ஒன்றை மிதித்துவிடாமல் தள்ளி. பிரகாஷ் பக்கத்தில் வந்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை. கையைப் புளியந்தோப்புப் பக்கம் நீட்டி, "பிரகாசு, இந்தப் பக்கம் போப்பா, அம்பு இந்தப் பக்கம்தான் காட்டுது" என்றார்.

பதினாலு வருஷமாகக் கடையில் யார் எதைக் கேட்டாலும் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லிப் பழகிய மனுஷர். திரும்பிப் பார்த்தார். அடுத்த நொடி சைக்கிள் ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம், ஓசூர்க்காரரின் விலை ஜாஸ்தி மேலே, பிரகாஷ் கீழே. அதற்கும் கீழே இருபத்து மூன்றாவது கன்று. பின்னால் வந்தவர்களில் நாலு பேர் பிரேக் பிடித்து நின்றார்கள், இரண்டு பேர் பிரேக் பிடித்து விழுந்தார்கள், ஒருவர் முட்புதருக்குள் போய், உள்ளேயிருந்தபடியே நலமாக இருப்பதாகச் சொன்னார்.

ஊரே எட்டிப் பார்த்தது. பிரகாஷ் எழுந்தார். முழங்கை உரிந்திருந்தது. பின்னால் திரும்பி, ட்ரோன் பையைத் தடவிப் பார்த்தார், கண்ணம்மாளைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார். அப்போது முட்புதருக்குள் இருந்தவர் முதலில் சிரித்தார். அடுத்தவர் சிரித்தார். பிரகாஷுக்கும் அடக்க முடியவில்லை. பதினாலு பேரும் தடத்தின் நடுவில் உட்கார்ந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் சேலத்து ஆள் கேட்டார்: "இன்னொரு தடவ போலாமா?"

பதினாலு பேரும் எழுந்து, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, வந்த வழியே கரட்டில் ஏறினார்கள். முள்ளில் இருந்து வந்தவர் நொண்டிக்கொண்டே ஏறினார்.

கண்ணம்மாள் இடுப்பில் கை வைத்து அவர்கள் உச்சிக்குப் போய்ச் சேருகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள். "ஆபீசருங்க இல்ல. விழுந்த எடத்துல வந்து மறுபடியும் விழறதுக்கு ஏறிப் போறாங்க பாரு. சம்பளம் வாங்குற ஒருத்தனும் இத செய்ய மாட்டான்."

அதற்கு மேல் ஊரில் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. அர்ச்சுனனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. இரண்டாவது தடவை இறங்கி வந்த பிரகாஷின் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார்.

"அப்ப பத்து வழி இல்ல?"

"இல்லீங்க."

"நாலு வழியாவது?"

"ஒத்த வழிதாங்க. அதுவும் ஆடுங்க போட்டது."

"மூணு செட்டு ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கேனே."

"பத்திரமா வெச்சுக்கங்க. என்னிக்காவது ரோடு வந்தா ஒதவும்."

தடம் அடைபடவில்லை. ஆனால் கண்ணம்மாள் சும்மா விடுகிறவள் இல்லை. கன்றுகளை நட்டது நட்டதுதான், பிடுங்க மாட்டாள். சைக்கிள்காரர்களிடம் ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் மாட்டுகிற வளையம் இருப்பதை அவள் கவனித்திருந்தாள். இனிமேல் தடத்தில் இறங்குகிறவர்கள் ஆளுக்கு ஒரு பாட்டில் கன்றுகளுக்கு ஊற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கரட்டு மேல் ஒன்றுமில்லை என்று சொன்னவர்கள்தானே, வேலையே இல்லாத இடத்துக்கு ஏறி இறங்க இத்தனை தண்ணீர் எதற்கு என்றாள். ஓசூர்க்காரர்கள் இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அறுபது கிலோமீட்டர் தாண்டி வந்து மாங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். ஊரில் இதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறார்கள், அது வேறு வதந்தி.

அன்றைய அனுபவத்தைப் பிரகாஷ் எழுதிக் குழுவில் போட்டார். 'மேற்படி தடத்தில் இருபத்து மூன்றாவது கன்றின் அருகில் அடியேன் நிலைதடுமாறி வீழ்ந்தமை குறித்து' என்று தலைப்பு. முப்பத்தோரு பேரும் படித்தார்கள். நொச்சிக்கொட்டாய் ஊர்க் குழுவிலும் படித்தார்கள். எல்லை விவரம் இல்லாததால் பழைய தெளிவு இல்லை என்று அர்ச்சுனன் சொன்னார்.

மிச்சம் இருப்பது அந்த ஒரு கன்று. அடுத்த வாரமே பிரகாஷ் நர்சரிக்குப் போய், செந்தூரா ஒட்டு என்று அட்டை கட்டிய கன்று ஒன்றை வாங்கி, முதுகில் கட்டிக்கொண்டு, இந்தத் தடவை விழாமல் தடத்தில் இறங்கி, கண்ணம்மாளிடம் கொடுத்தார். அவள் ஒரு இலையைக் கிள்ளி, உள்ளங்கையில் கசக்கி, மூக்கில் வைத்தாள்.

"இது பெங்களூரா. கிளிமூக்கு மாங்கா, செந்தூரா இல்ல."

"அட்டையில செந்தூரான்னு போட்டிருக்குதுங்க்கா."

"அட்ட செந்தூராதான். கன்னு பெங்களூரா."

"நர்சரிக்காரர் சத்தியம் பண்ணாருங்க்கா."

"அவன் சத்தியம் இருக்கட்டும். நான் எழுவது மாமரத்துக்கு நடுவுல வாழ்க்கப்பட்டு வந்தவ. நட்டு வை. காய்க்கட்டும். காய் செவந்து செந்தூரான்னு தெரிஞ்சா கணக்கு தீந்துது. அது வரைக்கும் நீ எனக்கு ஒரு கன்னு பாக்கிதான்."

"காய்க்க நாலு வருசம் ஆவுமேக்கா."

"எங்க போயிரப்போற? ஏறி எறங்கிக்கிட்டுத்தானே இருப்ப."

பிரகாஷ் நட்டுவைத்தார். இப்போது அவர் சைக்கிளில் மட்டும் இரண்டு பாட்டில் வளையம். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் தாண்டிப் போக, இருபத்து மூன்றாவது வளைவில் நின்று, தன் கன்றுக்கு இரண்டு பாட்டிலும் ஊற்றுவார். அதனால் திரும்பவும் கடைசியில்தான் வருகிறார். அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கன்று நன்றாகப் பிடித்துக்கொண்டது. போன வாரம் செம்பு நிறத்தில் நாலு துளிர் விட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பிரகாஷ் சைக்கிளைப் போட்டுவிட்டுப் போய்க் கண்ணம்மாளைக் கூட்டிவந்தார்.

அவள் குனிந்து ஒரு துளிரைக் கிள்ளினாள். கசக்கினாள். நெடுநேரம் மோந்து பார்த்தாள்.

"இன்னும் பெங்களூராதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.